ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல்

அந்த மின்னஞ்சல் வந்த இரவு எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. யாங்கோனில் அனவ்ரதா சாலைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. லிப்ட் கிடையாது. இந்த ஊர் மாடிவீடுகள் எல்லாவற்றிலும் இருப்பதுபோல எங்கள் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் அதில் பேப்பரை மாட்டிவிட்டு இழுத்துக் காட்டுவார், நாங்கள் மேலே சுருட்டிக்கொள்வோம். அன்று அந்தக் கயிற்றின் அருகில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் கைப்பேசி ஒளிர்ந்தது. சென்னையில் ஒன்பது மணி, இங்கே பத்து.

ஏழு மாதம் காத்திருந்த பதில். மொத்தம் நான்கு வரி. என் சிறுகதை கிடைத்ததாகவும், இதழுக்கு ஏற்றதாக இல்லை என்றும் முதல் இரண்டு வரி. மூன்றாவது வரி, முதல் பக்கத்திலேயே எழுத்துப்பிழைகள் தென்படுவதாகச் சொல்லி, உதாரணமாக ஒரு சொல்லைக் காட்டியது: ஙப்பி. நான்காவது வரி ஓர் ஆலோசனை. பர்மாவைப் பற்றி எழுதுவதென்றால் அங்கிருந்து நடந்து வந்தவர்களின் அனுபவத்தை எழுதலாமே என்று.

முகம் சூடாகிவிட்டது. பக்கத்து அறையில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கதையே அவருடையதுதான். நிராகரிக்கப்பட்டது கதை மட்டும்தானா என்று அந்த இருட்டில் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஙப்பி எழுத்துப்பிழை இல்லை. பர்மியச் சமையலின் உயிர் அது. மீனையோ இறாலையோ உப்பிட்டு, வெயிலில் வைத்து, இடித்து, அழுத்தி, சாடியில் நாள்பட ஊறவைக்கும் விழுது. பர்மிய மொழியில் ஙா என்றால் மீன்; அழுத்தி வைத்த மீன் என்பதுதான் சொல்லின் பொருள். தமிழ் படித்த ஒவ்வொருவருக்கும் ஙகரம் தெரியும், ஆனால் அது ஒரு சொல்லின் முதலில் வந்து பார்த்தது ஆத்திசூடியில் மட்டும்தான்: ஙப் போல் வளை. கோவில் மண்டபத்தில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பில் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், ஙகர வரிசையில் ங் தவிர மற்ற எழுத்துகளுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை, ஆனாலும் அந்த ஒன்று தன் இனத்தை எல்லாம் கைவிடாமல் நெடுங்கணக்கில் கூடவே வைத்திருக்கிறது, நீங்களும் உங்கள் உறவுகளை அப்படித் தழுவிக்கொள்ளுங்கள் என்று விளக்குவார். வகுப்பு முடிந்து தெருவில் இறங்கினால் அந்த வேலையில்லாத எழுத்துகள் எல்லாம் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஙா என்றால் மீன், ஐந்துக்கும் அதே சொல். ஙுவே என்றால் வெள்ளி, பணமும் அதுவே. கடலோரத்தில் ஙப்பலி என்று ஓர் ஊர். தமிழ் நெடுங்கணக்கில் காலங்காலமாகச் சும்மா நின்ற எழுத்துகளுக்கு இந்த மண்ணில் ஒரு பிழைப்பு கிடைத்ததே என்று சிறுவயதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அதே எழுத்து என் கதையைத் திருப்பி அனுப்பும் காரணமாக வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

பருப்பு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் தொழில். கணக்கு எழுதுகிறவர்களுக்கு எதையும் பதிந்து வைக்காவிட்டால் கை அரிக்கும். கதைகளுக்கும் ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். அனுப்பிய தேதி, அனுப்பிய இடம், பதில் வந்த தேதி, பதில் என்ன, என்று நான்கு பத்தி. 2018-இல் தொடங்கியது. 23 பதிவுகள். அவற்றில் 2 பிரசுரமாயின. 8 மறுப்பு. மீதி 13-க்கு மூன்றாவது பத்தியும் நான்காவது பத்தியும் வெறுமையாகவே இருக்கின்றன.

மறுப்பைவிட அந்த வெறுமைதான் ஆளைத் தின்றது. மறுத்துவிட்டால் அழுது முடிக்கலாம். பதிலே வராதபோது, இணைப்பு திறக்கவில்லையோ, எழுத்துரு சிதைந்து கட்டங்கட்டமாகத் தெரிந்ததோ, படித்துவிட்டு வேண்டாம் என்று வைத்தார்களோ, இன்னும் படிக்கவே இல்லையோ என்று மனம் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எழுத்துரு விஷயம் வீண் சந்தேகம் இல்லை. முதல் சில கதைகளைப் பழைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். யூனிகோடுக்கு மாறியபிறகே அந்தக் கவலை நின்றது. இதைப் படிக்கும் யாராவது இன்னும் பழைய எழுத்துருவில் அனுப்பிக்கொண்டிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் கதை மறுக்கப்படலாம், ஆனால் படிக்கப்படாமலே போகக்கூடாது.

அப்பா காலத்தில் இன்னும் கடினம். அவரும் கொஞ்சம் கவிதை எழுதினார். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ஓர் அறிவிப்பு தவறாமல் இருக்கும்: போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இணைக்கப்படாவிட்டால் படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டாது. இந்தியத் தபால்தலைக்கு இங்கே எங்கே போவது? யாராவது சபரிமலைக்கோ வேளாங்கண்ணிக்கோ போய்த் திரும்பினால் வாங்கி வரச் சொல்வார். அந்தத் தலைகளை ஒரு சிகரெட் டப்பாவில் பூட்டி வைத்திருந்தார். அவர் இறந்தபிறகு திறந்து பார்த்தேன். காந்தி முகம் போட்ட தலைகள் பதினாறு, ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அவர் எத்தனை முறை அனுப்பினார், எத்தனை முறை திரும்பி வந்தன என்று எந்தக் குறிப்பும் இல்லை. நான் பேரேடு எழுதத் தொடங்கியது அந்த வாரம்தான்.

எப்போதும் இப்படி இருந்த ஊர் இல்லை இது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் இரங்கூனில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தமிழ் அச்சகங்களும் இருந்தன, தமிழ் நாளிதழ்களும் இங்கேயே வெளிவந்தன. இன்றும் பான்சோடான் தெருவின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் பர்மிய நாவல்களுக்கும் பழைய ஆங்கில அகராதிகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைக்கும். முதல் பக்கத்தின் அடியில் 'இரங்கூன்' என்று அச்சிட்ட ஊர்ப்பெயரைப் பார்க்கும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த ஆசிரியர் தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு நாலு தெரு நடந்திருப்பார். அச்சகக்காரர் மறுத்தால் முகத்தைப் பார்த்து மறுத்திருப்பார். 1964-இல் கடைகள் அரசுடைமையாகி, கப்பல் கப்பலாக ஜனங்கள் ஊர் திரும்பி, அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகளும் கைமாறியபிறகு அந்த நாலு தெரு ஒரு கடலாகிவிட்டது.

ஙப்பி மின்னஞ்சலுக்குப் பிறகு எட்டு மாதம் நான் எதுவும் எழுதவில்லை. அந்த எட்டு மாதத்தைப் பற்றிப் பெருமையாகவோ சோகமாகவோ சொல்ல ஒன்றும் இல்லை. கடைக்குப் போனேன், வந்தேன்.

கடையில்தான் ஒருநாள் ஒன்றைக் கவனித்தேன். பத்து வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பயின்னவுங் சந்தையிலிருந்து லாரியில் உளுந்து வந்து இறங்கும். எங்கள் முதலாளி கையில் குத்தூசியோடு மூட்டைகளுக்கு நடுவே போவார். சாக்கின் நடுப்பகுதியில் சாய்வாகக் குத்தி, ஒரு திருகு திருகி எடுப்பார். உள்ளங்கையில் ஒரு பிடி உளுந்து விழும். அதை ஊதுவார், விரலால் பரப்புவார், ஒன்றிரண்டைப் பல்லில் கடிப்பார். மூட்டைக்கு ஐந்து விநாடி. வேண்டாம் என்று தள்ளிவைத்த மூட்டைகளை யாரும் ஆற்றில் கொட்டுவதில்லை. சிலது கல்லும் மண்ணும் கலந்தது, இயந்திரத்தில் சலித்துச் சுத்தம் செய்தால் போதும். சிலது ஈரம், உலர்த்த வேண்டும். சிலதில் ஒரு குறையும் இருக்காது. இந்த வாரம் இந்தியாவுக்குப் போகும் சரக்கின் தரத்தோடு அது பொருந்தாது, அவ்வளவுதான். முதலாளி ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்புக்கட்டியால் ஓர் அடையாளம் போடுவார், மூன்றுக்கும் அடையாளம் வேறு வேறு. நான் என் பேரேட்டில் எட்டு மறுப்புகளுக்கும் ஒரே குறிதான் போட்டிருந்தேன்: பெருக்கல் குறி.

அன்றிரவு அந்த எட்டு பதில்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். பொதுவான அச்சுவார்த்தைகள் ஐந்து. அவற்றிலிருந்து கற்க எதுவும் இல்லை. மற்ற மூன்றில் யாரோ உண்மையிலேயே படித்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஙப்பி கடிதம். எனக்கு மிகவும் வலித்த கடிதத்தை எழுதியவர்தான் என் கதையின் ஒரு பக்கத்தையாவது சொல் சொல்லாகப் பார்த்தவர். எட்டு மாதம் அந்த மனிதரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுப்பவர் பக்கத்தில் நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். பொங்கலையொட்டிக் கோவிலில் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு 'என் தாத்தா'. 41 தாள்கள், நடுவர் நான் ஒருத்தி. வீட்டில் பர்மிய மொழி பேசி, கோடையில் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைகள். முதல் பத்துத் தாள்களை அன்போடு படித்தேன். இருபதில் கழுத்து வலித்தது. முப்பதுக்குமேல் முதல் பத்தியைப் பார்த்தே ஒதுக்கத் தொடங்கிவிட்டேன். சீத்தலைச் சாத்தனாரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம், தலை சீழ்ப்பிடித்ததாம். எழுதியவரை விட்டுவிட்டுத் தன்னைக் குத்திக்கொண்ட அந்த வாசகரை அன்று மாலை எனக்கு நன்றாகப் புரிந்தது.

மறுநாள் ஒதுக்கிய தாள்களைக் கட்டிவைக்கும்போது ஒன்று நழுவி விழுந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் எழுதியது. முதல் ஒன்பது வரி எல்லோரும் எழுதியதுதான்: தாத்தா நல்லவர், தாத்தா கோவிலுக்குப் போவார். கடைசியில் இப்படி இருந்தது: 'தாத்தா என்னை தமிழில் திட்டுவார் நான் பர்மாவில் அழுவேன்.' ஒற்று இல்லை, நிறுத்தக்குறி இல்லை. அந்த ஒரு வரியில் எங்கள் எல்லோருடைய வீடும் இருந்தது. கட்டை அவிழ்த்து அந்தத் தாளை மேலே வைத்தேன். விழாமல் இருந்திருந்தால்?

இதை நினைத்தபிறகு என் கதையின் முதல் பக்கத்தை எடுத்தேன். வெட்கமாக இருந்தது. ஷ்வேடகான் பகோடாவின் தங்கக் கோபுரம் மாலை வெயிலில் மின்னுவதை இரண்டு பத்தி வர்ணித்திருந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். கடைக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலில் அந்தக் கோபுரம் தெரிந்தால் நெஞ்சில் கைவைத்துக்கொள்வதோடு சரி, மின்னுகிறதா என்று பார்ப்பதில்லை. அந்த வர்ணனையைச் சென்னையில் இருக்கும் யாரோ ஒருவருக்காக எழுதியிருக்கிறேன். சுற்றுலா வந்தவர் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு என் அத்தையைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பத்தியையும் அடித்தேன். ஒற்றுப்பிழைகளும் இருந்தன, பதினொன்று. அவற்றுக்கு அந்த ஆசிரியருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆனால் ஙப்பியை மாற்ற மாட்டேன் என்று தீர்மானித்தேன். பிரசுரமான என் இரண்டு கதைகளில் ஒன்றில் ஙப்பலியை அச்சில் 'நப்பலி' ஆக்கிவிட்டார்கள். இதழ் கையில் கிடைத்த நாளில் ஏற்பட்ட மகிழ்ச்சியை அந்த ஒற்றை எழுத்து பாதியாகக் குறைத்தது. ஆத்திசூடியில் ஙப் போல் வளைக்கு முந்தைய வரி என்ன என்று நினைவிருக்கிறதா? கண்டொன்று சொல்லேல். பார்த்தது ஒன்று, சொல்வது வேறொன்று என்று இருக்காதே. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை இத்தனை வருடம் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன், எனக்காகவே அடுக்கி வைத்ததுபோல அன்றுதான் கேட்டது.

நடந்து வந்தவர்களைப் பற்றி எழுதலாமே என்ற நான்காவது வரிக்கும் என் பதில் இதுதான். 1942-இல் அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் காட்டுவழி நடந்தவர்களின் துயரம் சிறியதல்ல. எங்கள் குடும்பத்திலும் அந்த வழியில் இறந்தவர்கள் உண்டு. ஆனால் நடந்துபோனவர்களும் கப்பலேறியவர்களும் மட்டுமே பர்மாத் தமிழர்கள் என்று எழுத்தில் நின்றுவிட்டது. 1964-இல் என் பெரியப்பாக்கள் இருவர் கப்பலேறினார்கள். அப்பாவும் 22 வயது அத்தையும் இங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கியவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் சமைக்கக் கற்றார்கள் என்பதுதான் என் கதை. சென்னையில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் எங்கள் பர்மா உளுந்தும் சேர்ந்திருக்கிறது. எங்கள் கதைக்கும் அங்கே இடம் இருக்கும் என்றே நம்புகிறேன்.

இந்த நம்பிக்கை என் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. எங்கள் தெருமுனைத் தேநீர்க்கடைக்கு ஒரு பர்மியச் சிறுகதை எழுத்தாளர் வருவார். இங்கே எழுத்தாளர்களை ஸயா என்று, ஆசிரியரை அழைப்பதுபோலவே அழைப்போம். 2012 ஆகஸ்ட் வரை இந்த நாட்டில் எதையும் அச்சிடும் முன்பு தணிக்கைக்குக் காட்ட வேண்டும். அவர் பழைய இதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய கதையின் நடுவில் ஒரு பத்தி முழுவதும் வெள்ளி நிற மை. அதிகாரிகள் ஆட்சேபித்த வரிகளை அந்தக் காலத்தில் அப்படித்தான் மறைப்பார்கள். ஸயா அந்தத் தாளைத் தூக்கி விளக்கின் முன்னால் பிடித்தார். வெள்ளிக்குப் பின்னால் எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன.

"வாசகர்கள் இப்படித்தான் படித்தார்கள், தமீ" என்றார். மகளே என்று அர்த்தம். பிறகு, "உன் கதையைப் படித்தார்களா?" என்று கேட்டார்.

"முதல் பக்கம் படித்திருக்கிறார்கள், ஸயா."

"அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு உனக்கு வாசகர் கிடைத்திருக்கிறார். இரண்டாவது பக்கத்துக்கு என்ன செய்யப்போகிறாய்?"

அவருடைய மறுப்பையும் என் மறுப்பையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை யாரும் வாயடைக்கவில்லை, ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை அவர் சொல்லிக்காட்டவும் இல்லை. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இடையில் ஒரு பதிப்பகம், பணம் கட்டினால் 300 பிரதி போட்டுத் தருகிறோம் என்றது. சொந்தப் பணத்தில் புத்தகம் போடுவதை நான் குறையாக நினைக்கவில்லை. பாரதியே 1920-இல் தன் எழுத்துகளை அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை, மறு வருடம் செப்டம்பரில் மறைந்தார். கியாட்டின் மதிப்பு சரிந்துகொண்டிருக்கும்போது இந்திய ரூபாயில் அவ்வளவு பணம் என்னால் முடியாது. முடிந்தாலும், அந்தப் பிரதிகள் அங்கே கிடங்கில் இருக்கும், நான் இங்கே இருப்பேன். வேண்டாம் என்று எழுதினேன். ஒரு வேண்டாமை நானும் சொல்லலாம் என்பது அன்று ஆறுதலாக இருந்தது.

இன்னொன்றும் கற்றேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் பதிப்பாளர்கள் தலைக்குமேல் வேலையில் இருப்பார்கள். என் 13 வெற்றுப் பதிவுகளில் ஆறு, நவம்பர் டிசம்பரில் அனுப்பியவை. இப்போது மார்ச்சுக்குமுன் அனுப்புவதில்லை.

திருத்திய கதையை அனுப்பும் முன்பு அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று தெரியவில்லை. பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். 83 வயது. கண் மங்கல், காது கூர்மை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவிடம் அவர் ஙப்பித் தண்ணீர் காய்ச்சக் கற்றுக்கொள்ளும் இடம் வந்தது.

"நிறுத்து" என்றார். "பச்சை மிளகாய் என்றா எழுதியிருக்கிறாய்? காய்ந்த மிளகாயைத் தணலில் சுட்டுத்தான் போடுவேன். பூண்டையும் சுட வேண்டும்."

பென்சிலால் திருத்தினேன். முழுவதும் வாசித்து முடித்தபிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்மார் கப்பலேறிய காலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இதை யாருக்கு அனுப்பப்போகிறாய், கண்ணு?"

"சென்னையில் ஒரு பத்திரிகைக்கு, அத்தை. வேறொன்று."

"அவர்கள் ஙப்பி சாப்பிட்டிருப்பார்களா?"

"இருக்காது."

"வாசனை எப்படி இருக்கும் என்று நீ எழுதவே இல்லையே" என்றார் அத்தை. "முதல் நாள் எனக்கு வாந்தி வந்தது. அந்த அம்மா வீட்டுப் படியிலிருந்து எழுந்து ஓடி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த வாசனை வந்தால்தான் பசித்தது. அதை எழுது."

இரவு ஒரு மணிக்கு மின்சாரம் வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் ஙப்பிச் சாடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் உப்பு பூத்திருந்தது. முகத்தை அருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, அதைச் சாப்பிட்டே இராத ஒருத்தியைப்போல ஒருமுறை மூச்சை இழுத்தேன்.